கூடார முகாம்களில் தீப்பாதுகாப்பு: தன்னார்வலர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எதில் கைவைப்பது?

பதில்: தீக்குழிகளைச் சுற்றியுள்ள தரையில். ஒவ்வொரு குழியைச் சுற்றிலும் 3 மீட்டர் தூரத்துக்குச் சருகு, காய்ந்த புல், சுள்ளி எல்லாவற்றையும் வாரி, வெறும் மண் தெரியும்படி செய்யுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் கிளை கவிந்திருந்தால் அந்தக் குழியே இடம் மாற வேண்டியதுதான். வந்து தங்கியவர்கள் தாமாகக் கல் கூட்டி உண்டாக்கிய அடுப்புகளைக் கலைத்துவிடுங்கள். கரித்தடம் கிடந்தால் அடுத்து வருபவரும் அங்கேதான் தீ மூட்டுவார். இத்தனைக்கும் முன்னால், நிலத்தை நிர்வகிப்பவரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆற்றுக் கற்களை வைத்துத் தீக்குழிக்கு வளையம் கட்டலாமா?

பதில்: கூடாது. கல்லுக்குள் ஊறிய நீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறலாம். இரும்பு வளையம் போடுங்கள்.

கேள்வி: எச்சரிக்கைப் பலகைகளுக்கு நன்கொடை திரட்டியிருக்கிறோம். என்ன எழுதலாம்?

பதில்: முதலில் பாதிப் பணத்தை வாளிகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் ஒதுக்குங்கள். 'தீயை அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று எழுதிவிட்டுத் தண்ணீரை எங்கோ வைத்தால், தூக்கக் கலக்கத்தில் யார் நடப்பார்கள்? மீதிப் பணத்தில் அணைக்கும் முறையை எழுதி வையுங்கள்: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார், சூடு தெரிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கு. கூடாரமிடும் ஒவ்வோர் இடத்துக்கும் பெரிய எழுத்தில் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைக் குறித்த வரைபடம் ஒன்றைத் தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுங்கள். பதற்றத்தில் தொலைபேசியில் அழைப்பவருக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது. யாரும் மெச்சாத இந்த வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

கேள்வி: மண்ணைப் போட்டு மூடினால் தீ அணைந்துவிடுமே?

பதில்: அணைந்ததுபோல் தெரியும். கங்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மரவேர் வழியாக நகர்ந்து, பிறகு வேறோர் இடத்தில் தீயாக வெளிவரவும் கூடும். அள்ளும் சாம்பலையும் மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி ஆகாது.

கேள்வி: சிறுவர்கள் வரலாமா?

பதில்: தாராளமாக. சருகு வாரவும் எண் எழுதவும் அவர்களே போதும்.

கேள்வி: கிளைகளை நாங்களே வெட்டலாமா?

பதில்: தரையில் நின்றபடி கைவாளுக்கு எட்டும் காய்ந்த கிளைகளை வெட்டலாம். தரைத்தீ மரத்தின் உச்சிக்கு ஏறுவதற்கு அவைதான் ஏணி. மோட்டார் ரம்பத்தைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். வெட்டியதை அங்கேயே குவித்துவிட்டு வராதீர்கள். அப்புறப்படுத்த வண்டிக்கு ஏற்பாடு செய்த பிறகு வாளை எடுங்கள்.