பழைய மூலநிரலும் புதிய கம்பைலரும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை, லைப்ரரிகளை (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளை) மூலநிரலிலிருந்து பில்ட் செய்யும்போது, அதாவது கம்பைலர் கொண்டு கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது, வரும் பிழைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. அந்தக் கேள்விக்கு அந்த நீளம் தேவைப்படுகிறது.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகப் பழைய சி லைப்ரரி ஒன்றை பில்ட் செய்கிறேன். கல்லூரி ஆய்வகக் கணினியில் சில எச்சரிக்கைகளோடு வேலை முடிந்துவிடுகிறது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு உள்ள என் மடிக்கணினியிலோ, ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன் ஸ்டர்டப்’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. ஸ்ட்ரிங்.ஹெச் கோப்பு சேர்க்கப்பட்டுத்தான் இருக்கிறது. நண்பர் சொன்னபடி ‘-எஃப்பெர்மிஸிவ்’ சேர்த்தேன்; பில்ட் முடிந்தது, ஆனால் நிரலை ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ வருகிறது. கம்பைலரில் கோளாறா?
– பொறியியல் கல்லூரி மாணவி

பதில்: கோளாறு கம்பைலரில் இல்லை. நிரல் ஓடும்போது வெடிக்கவிருந்த தவறை அது முன்கூட்டியே பிடித்துக் கொடுத்தது. நீங்கள் சேர்த்த தெரிவு அந்தப் பிழையை வெறும் எச்சரிக்கையாக இறக்கிவிட்டது.

1989-ஆம் ஆண்டின் சி தரநிலைப்படி, அறிவிக்கப்படாத ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அது இன்ட் வகை (முழு எண்) மதிப்பைத் திருப்பித் தருவதாகக் கம்பைலர் தானாகவே வைத்துக்கொள்ளும். 1999-இல் வந்த தரநிலை இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. ஆயினும் பழைய மூலநிரல்கள் ஏராளமாகப் புழக்கத்தில் இருந்ததால், ஜிசிசி நெடுங்காலம் வெறும் எச்சரிக்கை கொடுத்துவிட்டுக் கடந்து சென்றது. 2024 மே மாதம் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் அந்த எச்சரிக்கை பிழையாக உயர்த்தப்பட்டது. ஆய்வகத்தில் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பாக இருக்க வேண்டும்.

இனி, நிரல் ஏன் விழுந்தது என்று பார்ப்போம். 64 பிட் லினக்ஸில் ஒரு முகவரிக்கு 8 பைட், இன்ட் வகைக்கு 4 பைட். எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷனான ஸ்டர்டப் திருப்பித் தருவது அந்த நகலின் முகவரி. ஆனால் அதன் அறிவிப்பு கண்ணில் படாத கம்பைலர் அதை இன்ட் என்று எண்ணிக் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பதினறும எண்ணில் 555555592340 என்று வந்த முகவரி 55592340 ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் நிரலுக்கு உரிய நினைவகம் இல்லாததால், அதைத் தொட்ட நொடியே இயங்குதளம் நிரலை நிறுத்திவிடுகிறது. இதே மூலநிரல் முன்பு எங்காவது ஒழுங்காக ஓடியிருந்தால், அங்கே நிரலும் அதன் ஹீப்பும் (ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகம்) தாழ்ந்த முகவரிகளில் ஏற்றப்பட்டு, மேல்பாதி வெறும் பூஜ்யமாக இருந்ததே காரணம். இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் பெரும்பாலானவை பாதுகாப்புக் கருதி நிரலை உயர்ந்த, ஊகிக்க முடியாத முகவரியில் ஏற்றுகின்றன. ஆகவே பழைய தவறு இப்போது தப்புவதில்லை.

ஸ்ட்ரிங்.ஹெச் இருந்தும் ஸ்டர்டப் ஏன் தெரியவில்லை என்பதே உங்கள் கேள்வியின் மையம். பில்ட் கட்டளைகள் எழுதப்பட்ட மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்; அதில் ‘-எஸ்டிடி=சி99’ என்று எழுதியிருக்கும் என்பது என் கணிப்பு. அப்படி எழுதினால் தரநிலையில் உள்ளது மட்டும் போதும் என்று பொருள். ஸ்டர்டப் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில் இல்லை. அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையைச் சேர்ந்தது. எனவே லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அந்த அறிவிப்பை ஸ்ட்ரிங்.ஹெச் என்ற ஹெடர் (அறிவிப்புகள் அடங்கிய) கோப்புக்குள்ளேயே மறைத்துவிடுகிறது. சி99 என்பதை ஜிஎன்யூ99 என்று மாற்றினால் போதும். அப்படி மாற்ற விரும்பாவிட்டால், ஹெடர்களைச் சேர்க்கும் வரிகளுக்கு முன்பாகவே போசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவை 200809 என்ற மதிப்போடு வரையறுக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அறிவிப்பு வெளிப்படும், எஃப்பெர்மிஸிவ் தேவைப்படாது. அதை மறக்காமல் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை இதே வகையான வேறு தவறுகளும் வெறும் எச்சரிக்கையோடு உள்ளே நுழையும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஸ்டர்டப் பிழைக்கு அடுத்தபடியாக, எண்ணிலிருந்து முகவரி உருவாக்கப்படுவதாக மற்றொரு பிழை வந்திருக்கும். அது முதற்பிழையின் விளைவு. முதலாவதைத் திருத்தினால் தானே மறையும். பிழைகளை எப்போதும் மேலிருந்து படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மேக் கட்டளையை ‘-ஜே8’ என்று பல வேலைகளாகப் பிரித்து ஓட்டும்போது வெவ்வேறு கோப்புகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து, திரையின் கடைசி வரியில் உண்மையான காரணம் இல்லாமல் போகிறது. பிழை வந்ததும் ‘-ஜே1’ என்று ஒருமுறை ஓட்டினால் காரணம் தனியே நிற்கும்.

பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளிலும் இதே மாற்றம் ஒளிந்திருந்து தொல்லை தரும். அவை சிறுசிறு சோதனை நிரல்களை கம்பைல் செய்து பார்த்துத்தான் கணினியில் என்னென்ன வசதி உண்டு என்று முடிவு செய்கின்றன. அந்தச் சோதனை நிரலிலேயே தேவையான ஹெடர் விடுபட்டிருந்தால், ஜிசிசி 14 அதை மறுத்துவிடும். ஸ்கிரிப்டோ அந்த வசதியே கணினியில் இல்லை என்று எழுதிவைத்துவிடும். பில்ட் வெற்றிகரமாக முடியும். லைப்ரரியில் ஒரு பகுதி மட்டும் இராது. இருக்கும் வசதிக்கு எதிரே ‘நோ’ என்று கண்டால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து, அந்தச் சோதனை எந்த வரியில் தோற்றது என்று பாருங்கள்.

கேள்வி: பழைய லைப்ரரி ஒன்றில் எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆகின்றன, கடைசியில் அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. ஜிசிசி 9 வரை இந்தத் தொல்லை இல்லை.
– கணினி ஆய்வக உதவியாளர்

பதில்: ஏதோ ஒரு ஹெடர் கோப்பில் எக்ஸ்டெர்ன் என்ற சொல் இல்லாமல் ஒரு பொது மாறி எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு சி கோப்பும் தனக்கென ஒரு மாறியை உண்டாக்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட மாறிகளை லிங்கர் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். 2020 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 10 முதல் அந்த இணைப்பு இயல்பாக நடப்பதில்லை. ஹெடரில் எக்ஸ்டெர்ன் சேர்த்து, ஏதேனும் ஒரே ஒரு சி கோப்பில் அந்த மாறியை வரையறுத்துவிடுங்கள்.

திருத்த நேரமில்லை என்றால் ‘-எஃப்காமன்’ தெரிவைச் சேர்க்கலாம். முதல் கேள்வியில் தெரிவை நீக்கச் சொல்லிவிட்டு இங்கே சேர்க்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். எஃப்காமன், அந்த லைப்ரரி எழுதப்பட்டுச் சோதிக்கப்பட்ட காலத்தின் நடத்தையை அப்படியே திருப்பித் தருகிறது. எஃப்பெர்மிஸிவோ தவறான ஊகத்தின்மேல் நிரலைக் கட்டவிடுகிறது. ஒரு தெரிவைச் சேர்க்குமுன் அது எதை மாற்றுகிறது என்று ஜிசிசி கையேட்டில் ஒரு பத்தி படித்துவிடுவது நல்லது.

கேள்வி: சி++ லைப்ரரி ஒன்றை பில்ட் செய்து, பல ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குத் தரப்பட்ட ஒரு ஸ்டேட்டிக் லைப்ரரியோடு (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் வகை) இணைக்கிறோம். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வருகிறது. கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையில் பார்த்தால் அந்த ஃபங்ஷன் கோப்பில் இருக்கிறது. லைப்ரரிகளின் வரிசையையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.
– மென்பொருள் பணியாளர்

பதில்: வரிசையைச் சோதித்தது சரியான முதற்படி, ஸ்டேட்டிக் லைப்ரரி, தன்னை அழைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும். அது சரியாக இருந்தும் பிழை தொடர்வதால், பிழைச் செய்தியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என்எம் கட்டளைக்குப் பெரிய ‘சி’ தெரிவைக் கொடுத்தால் பெயர்கள் படிக்கத்தக்க வடிவில் வரும். ஒரு பக்கம் ‘எஸ்டிடி::சிஎக்ஸ்எக்ஸ்11::பேசிக் ஸ்ட்ரிங்’ என்றும், மறுபக்கம் நடுவில் அந்த சிஎக்ஸ்எக்ஸ்11 இல்லாமலும் இருந்தால், இரண்டும் லிங்கருக்கு வெவ்வேறு பெயர்கள்.

சி++ 11 தரநிலை, ஒரே எழுத்துச்சரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டு மாற்றும்போது மட்டும் நகலெடுக்கும் பழைய முறைக்கு இடமளிக்கவில்லை. ஆகவே 2015-இல் வந்த ஜிசிசி 5, ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பையே மாற்றியது. பழைய பைனரிகள் உடையாதிருக்க இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொண்டு, தவறுதலாகக் கலந்துவிடாதபடி புதியதன் பெயரில் ஓர் அடையாளம் சேர்த்தது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் இணைப்பு வெற்றி பெற்று, நிரல் நினைவகத்தைச் சிதைத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

பழைய லைப்ரரியின் மூலநிரல் கிடைத்தால் அதைப் புதிய கம்பைலரில் மறுபடி பில்ட் செய்வதே சிறந்தது. கிடைக்காவிட்டால், ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் யூஸ் சிஎக்ஸ்எக்ஸ்11 ஏபிஐ என்ற மேக்ரோவுக்கு 0 மதிப்புக் கொடுத்து உங்கள் பக்கத்தைப் பழைய வடிவத்துக்கு இறக்க வேண்டும். உங்கள் நிரலோடு ஸ்ட்ரிங் பரிமாறிக்கொள்ளும் ஏனைய சி++ லைப்ரரிகள் அனைத்தையும் அதே மதிப்போடு பில்ட் செய்தாக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சுமை; விநியோகத்திலிருந்து நேரடியாக நிறுவியவை புதிய வடிவில் இருக்கும்.

கேள்வி: 1 ஜிபி நினைவகமுள்ள ராஸ்ப்பெர்ரி பையில் பெரிய சி++ லைப்ரரியை பில்ட் செய்தால், ‘இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்டு’ என்று வருகிறது. ஜிசிசி குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமா?
– பள்ளி ஆசிரியர்

பதில்: வேண்டாம். ‘கில்டு’ என்ற சொல் இருந்தால், நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸ் கெர்னலே கம்பைலரை நிறுத்திவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகள் அதை உறுதிப்படுத்தும். ‘-ஜே4’ என்றிருப்பதை ‘-ஜே1’ ஆக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் ஸ்வாப் இடத்தைக் கூட்டுங்கள். நேரம் நிறையப் பிடிக்கும், ஆனால் பில்ட் முடியும்.

கேள்வி: பில்ட், இன்ஸ்டால் இரண்டும் பிழையின்றி முடிந்தன. என் நிரலும் அந்த லைப்ரரியோடு இணைந்தது. ஓட்டினால் மட்டும் அந்த லைப்ரரியின் ‘.எஸ்ஓ’ கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது.
– முதுகலை மாணவர்

பதில்: நிரலை உருவாக்கும்போது தேடும் லிங்கர் வேறு, ஓட்டும்போது தேடும் டைனமிக் லிங்கர் வேறு. முன்னது ‘யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ கோப்புறையைத் தானே பார்த்துவிடும். பின்னது முன்கூட்டியே தொகுக்கப்பட்ட ஒரு பட்டியலையே பெரிதும் நம்பியிருக்கிறது. நீங்கள் புதிதாக நிறுவிய கோப்பு அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ரூட் உரிமையோடு, அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும். ஃபெடோராவில் அந்தக் கோப்புறை இயல்பாகப் பட்டியலில் சேர்வதில்லை, எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கோப்புறையில் அதன் பாதையை ஒரு கோப்பாக எழுதிவைத்த பிறகே எல்டிகான்ஃபிக் பயன் தரும். லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியை லாகின் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்கும் வழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது அந்த ஷெல்லிலிருந்து தொடங்கும் மற்ற நிரல்களையும் பாதிக்கும். சரியாகிவிட்டதா என்று பார்க்க எல்டிடி கட்டளையை உங்கள் நிரலின்மேல் ஓட்டுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருந்த வரியில் இப்போது கோப்பின் முழுப் பாதை தெரிய வேண்டும்.