டிஷ் இன்னும் கொஞ்சம் கிழக்கே திரும்புமா?

கேள்வி: ஆறடி டிஷ்ஷில் 18 அங்குல ஆக்சுவேட்டர் (டிஷ்ஷைத் தள்ளித் திருப்பும் மோட்டார் தண்டு) பொருத்தியிருக்கிறேன். மேற்குப் பக்கம் 40 டிகிரி செயற்கைக்கோள் வரை போகிறது; ஆனால் 66க்கு மேற்கே நான் எதையும் பார்ப்பதில்லை. கிழக்கே 105.5 டிகிரியோடு நின்றுவிடுகிறது. எனக்கு 122 வேண்டும். கடைக்காரர் 36 அங்குல ஆக்சுவேட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (கோத்தகிரி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். செயற்கைக்கோளின் டிகிரியும் (அது நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை) டிஷ் திரும்பும் டிகிரியும் ஒன்றல்ல; நாம் பூமியின் மையத்திலிருந்து பார்க்காமல் மேற்பரப்பிலிருந்து பார்ப்பதால், டிஷ் சற்றுக் கூடுதலாகவே திரும்ப வேண்டியிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து கணக்கிட்டால், 40 முதல் 105.5 வரை செல்ல உங்கள் டிஷ் சுமார் 76 டிகிரி திரும்புகிறது. 66 முதல் 122 வரை செல்லத் தேவைப்படுவதோ சுமார் 65 டிகிரிதான். ஆகவே உங்களுக்கு வீச்சு குறையவில்லை, அது மேற்கே தள்ளி அமைந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, வீச்சு முழுவதும் கிழக்கே நகரும்படி மாற்றிப் பூட்டுங்கள். பிறகு தண்டை எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்சுகளைப் புதிதாக அமைத்து, டிஷ்ஷைத் திருப்பும் பெட்டியான பாசிஷனரில் பதிந்த இடங்களையும் மறுபடி பதிய வேண்டும். அரை நாள் வேலை, செலவில்லை.

இரு கோடிகளும் உண்மையாகவே தேவைப்படுவோர், டிஷ் பக்கத்து இணைப்பை அச்சுக்கு அருகே கொண்டுவந்தால், அதே நீளத் தண்டு கூடுதலான கோணத்துக்குத் திருப்பும்; ஆனால் நெம்பும் வலு குறைவதால் காற்றில் டிஷ் ஆடும். நீளமான தண்டைக் கணக்கில்லாமல் பூட்டினாலோ, கோடியில் தண்டும் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் வந்து, மோட்டார் இழுத்தாலும் டிஷ் திரும்பாது. இன்னொன்று: உங்கள் ஊரில் 122 டிகிரி செயற்கைக்கோள் சுமார் 37 டிகிரி உயரத்தில் இருக்கும். கிழக்குப் பக்கத்து மலைச்சரிவோ கற்பூர மரமோ அதைவிட உயர்ந்து நின்றால், எந்த ஆக்சுவேட்டரும் உதவாது.

கேள்வி: டைசெக் மோட்டார் (ரிசீவரின் கட்டளையைக் கேபிள் வழியே பெற்று டிஷ்ஷைத் திருப்புவது) ஓர் இடத்துக்கு மேல் நகர மறுத்ததால் புது மோட்டார் வாங்கினேன். அதுவும் அதே இடத்தில் நிற்கிறது. (குன்னூர்)

பதில்: ரிசீவர் மெனுவில் கிழக்கு, மேற்கு எல்லைகளை நீக்குங்கள்; இதைப் பழைய மோட்டாரிலேயே செய்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: கிழக்குக் கோடியை நெருங்கும்போது மோட்டார் திணறுகிறது. படம் மட்டும் தெளிவாக வருகிறது. கேபிள் 60 மீட்டர். (கேத்தி)

பதில்: கேபிளின் நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்து, காந்தமும் ஒட்டினால், அது செம்பு முலாம் பூசிய இரும்பு. இந்த ஏமாற்று வேலையைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. உயர் அதிர்வெண் சமிக்ஞை கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் படத்துக்குக் குறை வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைச் சுத்தச் செம்பு என்று கூசாமல் விற்கிறார்கள். மோட்டாருக்குப் போகும் நேர்மின்சாரமோ கம்பி முழுவதிலும் பாய வேண்டியது. இரும்பின் மின்தடையால் ரிசீவர் தரும் 18 வோல்ட் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடுகிறது. என் வீட்டுச் சுவரோடு ஓடும் கேபிளும், செம்பு விலை வாங்கிக்கொண்டு கொடுத்த இந்த ரகம்தான். இனி நுனியை வெட்டிக் காட்டாத கடையில் கேபிள் வாங்காதீர்கள்.

கேள்வி: டிஷ் கூடுதலாகத் திரும்பட்டும் என்று ஆக்சுவேட்டர் மூடியைத் திறந்து லிமிட் சுவிட்சுகளைக் கழற்றினேன். தண்டு இறுகிவிட்டது. வாரண்டி கிடைக்குமா? (கூடலூர்)

பதில்: கிடைக்காது. கேட்கவும் கூடாது.

கேள்வி: பெட்டியில் 180 டிகிரி என்று அச்சிட்ட மோட்டாரைக் கோவையில் வாங்கினேன். எந்த எல்லையும் பதியாமலே மொத்தம் 100 டிகிரிதான் சுற்றுகிறது. பில் தரவில்லை, பணம் கைப்பேசி வழியாகச் செலுத்தினேன். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். (மஞ்சூர்)

பதில்: இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். பணம் செலுத்திய பதிவையும் பெட்டியையும் பத்திரப்படுத்தி, மோட்டார் எங்கே நிற்கிறது என்பதைப் படம் பிடித்து, கடைக்கு எழுத்து மூலம் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் வழக்குக்காகக் கோவைக்கு இறங்க வேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதால் உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.