கவிதை படிச்சா ஆய்வுக்கட்டுரை எளிமையா எழுத வருமா?

வரும். நீங்க பிஎச்டி பண்றீங்கன்னு நினைக்கிறேன், "நடை ரொம்ப சாதாரணமா இருக்கு, கனமா எழுது"ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க, அதான் இப்படிக் கேட்கத் தோணியிருக்கு. எனக்கும் இதேதான் நடந்துச்சு.

"மழை குறைந்த ஆண்டுகளில் விளைச்சலும் குறைந்தது"ன்னு எழுதிக் கொடுத்தேன். கைடு அத அடிச்சுட்டு "மழையளவில் ஏற்பட்ட குறைவின் காரணமாக விளைச்சலில் வீழ்ச்சி ஏற்பட்டிருப்பது காணப்படுகிறது"ன்னு மாத்தித் தந்தார். எனக்கு வந்த கோபம் நீளத்துக்காக இல்லீங்க, நான் ரெண்டும் சேர்ந்து குறைஞ்சதுன்னுதான் சொன்னேன், மழைதான் காரணம்னு நிரூபிக்க எங்கிட்ட டேட்டாவே கிடையாது, உரமோ பூச்சியோ கூட இருந்திருக்கலாம். கனம் சேர்க்கப் போய் ஆய்வுல இல்லாத முடிவு ஒண்ணு உள்ள வந்துடுச்சு.

இது என் கண்ணுல உடனே பட்டதுக்குக் குறள் படிச்ச பழக்கம்தான் காரணம், அத எங்க வேணாலும் சொல்வேன். மொத்தமே ஏழு சீர், அதுல சும்மா வந்து உட்கார எந்தச் சொல்லுக்கும் இடம் கிடையாது. அப்படியே படிச்சுப் பழகிட்டா நம்ம வாக்கியத்துலயும் ஒவ்வொரு சொல்லையும் நீ என்ன வேலை பாக்கறன்னு கேட்கத் தோணும். அன்னைக்கு அவர்கிட்ட வாதாடி என் வாக்கியத்தையே வெச்சுக்கிட்டேன்.

உடனே "ஆய்வுல உவமை போடச் சொல்றியா"ன்னு சண்டைக்கு வராதீங்க, நான் அத சொல்லவே இல்ல. கலைச்சொல் வேணும்னா வேணும்தான், "இருக்கலாம்"னு தயங்க வேண்டிய இடத்துல தயங்கித்தான் ஆகணும். நன்னூலப் பாருங்க, இலக்கண நூல், முழுக்கச் செய்யுள். பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றத்துல முதல்லயே குன்றக் கூறல்தான், அதாவது தேவையானதக் குறைச்சுச் சொல்றது. அப்புறம்தான் மிகைபடக் கூறல், கூறியது கூறல். நல்லா ஆரம்பிச்சுப் போகப்போக நீர்த்துப்போறதுக்கும் "சென்று தேய்ந்து இறுதல்"னு பேர் வெச்சிருக்கார், பாதி தீசிஸோட கடைசி அத்தியாயம் அதுதானே.