ஆர் கவுண்டரில் 125 இருக்கும்வரை ஓசிஎக்ஸ்ஓ வாங்காதீர்கள்

கேள்வி: க்யூஓ-100 அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளுக்கு 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப, 432 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடைநிலை அலைவெண்) வைத்து டிரான்ஸ்வெர்ட்டர் (அலைவெண் மாற்றி) கட்டியிருக்கிறேன். எல்ஓ (லோக்கல் ஆஸிலேட்டர்) 1968 மெகாஹெர்ட்ஸ், ஆன்லைனில் வாங்கிய ஏடிஎஃப்4351 பிஎல்எல் சிப் பலகை. ரெஃபரன்ஸ் 25 மெகாஹெர்ட்ஸ், ஆர் கவுண்டர் (ரெஃபரன்ஸை வகுக்கும் எண்) 125, அதாவது பிஎஃப்டி (ஃபேஸை ஒப்பிடும் பகுதி) 200 கிலோஹெர்ட்ஸ். லூப் ஃபில்டரில் (கட்டுப்பாட்டு வோல்டேஜை வடிக்கும் பகுதி) கை வைக்கவில்லை. லாக் ஆகிறது, ஆனால் குரல் கரகரப்பாக வருகிறது என்கிறார்கள். நல்ல ஓசிஎக்ஸ்ஓ (சூடேற்றி நிலைப்படுத்திய கிரிஸ்டல் ஆஸிலேட்டர்) ரெஃபரன்ஸாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இப்போதைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம், உங்கள் சிக்கல் அந்த 125-இல்தான் இருக்கிறது.

இந்தச் சிப்பின் விசிஓ (வோல்டேஜால் அலைவெண் மாறும் ஆஸிலேட்டர்) 2200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். 1968 வேண்டுமென்றால் உள்ளே 3936-இல் ஓடி, இரண்டால் வகுபட்டு வெளியே வருகிறது. பிஎஃப்டி 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் என் (விசிஓ அலைவெண்ணை வகுக்கும் எண், N) = 19680. லூப்புக்குள் விழும் இரைச்சலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: சிப்பின் அடிப்படை எண் சுமார் -220, அதோடு 20 லாக் என், அப்புறம் 10 லாக் பிஎஃப்டி அலைவெண். உங்கள் கணக்கில் -220 + 86 + 53, ஆக -81. வெளியே இரண்டால் வகுப்பதில் 6 டிபி லாபம், -87 டிபிசி/ஹெர்ட்ஸ் (கேரியரோடு ஒப்பிட்ட இரைச்சல், கீழே போகப் போக நல்லது). இதே சிப்பில் ஆர்-ஐ 1 ஆக்கினால் பிஎஃப்டி 25 மெகாஹெர்ட்ஸ், என் 157.44, கணக்கு -108-இல் வந்து நிற்கிறது. 21 டிபி வித்தியாசம், ஒரு பைசா செலவில்லாமல்! என் பாதியாகும்போது 6 டிபி குறைகிறது, பிஎஃப்டி இரட்டிப்பாவதால் 3 டிபி கூடுகிறது, மிச்சம் 3 டிபி நமக்கு. அதனால்தான் பிஎஃப்டியை முடிந்தவரை மேலே வைக்கச் சொல்கிறார்கள். பின்ன முறையில் (என் முழு எண்ணாக இல்லாதபோது) இந்தச் சிப்புக்கு 32 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுக்கலாம்.

உங்கள் எல்ஓ ஒரே அலைவெண்ணில் நிற்கப்போகிறது, 200 கிலோஹெர்ட்ஸ் படியே உங்களுக்குத் தேவையில்லை. 157.44-க்கு முழு எண் 157, பின்னம் 11, மாடுலஸ் 25. இதனால் வரும் ஸ்பர்கள் (தேவையற்ற பக்க சிக்னல்கள்) 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் விழும், லூப் ஃபில்டர் அவற்றை நன்றாக அமுக்கிவிடும். ப்ரீஸ்கேலர் 8/9 இருக்க வேண்டும், 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 4/5 சரிப்படாது. பலர் மறந்துவிடும் ஒன்று பேண்ட் செலக்ட் கிளாக், விசிஓ தன் பேண்டைத் தேடப் பயன்படுத்தும் கிளாக். சாதாரண முறையில் அது 125 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது, ஆகவே அதன் வகுப்பானை 200 ஆக்குங்கள். பழைய மதிப்பையே விட்டால் விசிஓ தப்பான பேண்டில் போய் உட்காரும், நீங்கள் சாலிடரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

லூப் ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பலகையில் உள்ள ஃபில்டர் ஏதோ ஒரு என் மதிப்புக்குக் கணக்கிட்டது. அது பெரிய பிஎஃப்டிக்காகப் போட்டதாக இருந்தால், நீங்கள் என்-ஐ 125 மடங்கு ஏற்றியதும் லூப்பின் கெயின் அதே அளவு விழுந்து, பேண்ட்விட்த் சுருங்கி, ஃபேஸ் மார்ஜினும் (லூப் அலைபாயாமல் நிற்க உள்ள இடைவெளி) போய்விட்டிருக்கும். விசிஓவைக் கட்டி வைக்க ஆளில்லை, கரகரப்பில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கலாம். அந்த மூன்று கபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர் மதிப்புகளை எடுத்து ஏடிஐசிம்பிஎல்எல் மென்பொருளில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். லூப்புக்குள் இரைச்சலும் விசிஓவின் சொந்த இரைச்சலும் சந்திக்கும் இடத்தில் பேண்ட்விட்த் இருக்க வேண்டும். உங்களுக்கு அது 40, 50 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும். ஃபேஸ் மார்ஜின் 45 முதல் 50 டிகிரி. இதைவிடக் குறைந்தால் கேரியரின் இருபுறமும் தோள் மாதிரி இரண்டு மேடுகள் எழும். சாலிடர் அயர்னைத் தொடாமலே ஒரு சோதனை செய்யலாம்: சார்ஜ் பம்ப் கரண்டை 0.31-லிருந்து 5 மில்லியாம்ப் வரை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே அந்த மேடுகள் எங்கே எழுகின்றன, எங்கே படுக்கின்றன என்று கவனியுங்கள்.

புதிய ஃபில்டர் போடுவதென்றால் 5 மில்லியாம்புக்கே கணக்கிடுங்கள், ரெசிஸ்டர்கள் சின்னதாக வரும். அது எதற்கு என்றால், 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட். விசிஓவின் உணர்திறன் வோல்ட்டுக்கு 40 மெகாஹெர்ட்ஸ், ஆகவே 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்த ரெசிஸ்டர் மட்டுமே -119 தருகிறது. அங்கே விசிஓவின் இரைச்சல் -110 அளவில் இருப்பதால் பாதகமில்லை. 10 கிலோ ஓம் போட்டால் -109, விசிஓவுக்குச் சமமாக ரெசிஸ்டரும் இரைகிறது. கபாசிட்டர்கள் என்பிஓ வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் போட்ட பலகையைப் பென்சிலால் தட்டினால் ரிசீவரில் 'டங்' என்று கேட்கும்.

மின்சாரத்தை யூஎஸ்பியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் சிப்பின் விசிஓ சப்ளை பின்னுக்கு (pin) மட்டுமாவது எல்டி3042 மாதிரி ஒரு ரெகுலேட்டர் போதும். அர்டுயினோ லூப்பில் ரெஜிஸ்டர்களைத் திரும்பத் திரும்ப எழுதுகிறதா என்றும் பாருங்கள். ரெஜிஸ்டர் 0-ஐ எழுதும்போதெல்லாம் விசிஓ மறுபடி பேண்ட் தேடும், எஸ்எஸ்பி குரல் சிக்னலில் அது 'டிக் டிக்' என்று கேட்கும்.

இவ்வளவும் முடிந்தபின் ஓசிஎக்ஸ்ஓவுக்கு வரலாம். ரெஃபரன்ஸின் இரைச்சல் 25-லிருந்து 1968-க்குப் போகையில் 38 டிபி ஏறும், ஆகவே கேரியரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி -145 இருந்தால் வெளியே -107. ஆனால் அதே இடத்தில் இந்தச் சிப்பின் ஃபிளிக்கர் இரைச்சலே (கேரியரை நெருங்க நெருங்கக் கூடும் இரைச்சல்) சுமார் -100. அதற்குக் கீழே இந்தச் சிப்பை வைத்து இறங்க முடியாது, எவ்வளவு உயர்ந்த ரெஃபரன்ஸ் கொடுத்தாலும். நீங்கள் கேட்ட குரல் தரத்துக்கு -100 தாராளம்.

அளப்பதற்குக் கையடக்க அனலைசரை நம்பாதீர்கள், அதன் சொந்த எல்ஓவின் இரைச்சலைத்தான் காட்டும். இதே மாதிரி இன்னொரு பலகையைச் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஓட்டி, இரண்டையும் மிக்சரில் கலந்து, வருவதைக் கணினியின் சவுண்ட் கார்டில் பாருங்கள். இரண்டு பலகைக்கும் தனித்தனி ரெஃபரன்ஸ் இருக்க வேண்டும். கிடைத்த எண்ணில் 3 டிபி கழித்துக்கொள்ளுங்கள்.