மின்சாரக் கார் யாருக்கு மிச்சம்?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். நான் ஒரு தனியார் நூற்பாலையில் கணக்காளர். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறார்கள். 2016-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் காரை மாற்ற நினைக்கிறோம். அதே அளவில் புதிய பெட்ரோல் கார் வாங்கினால் ஆன்-ரோடு விலை 7.40 லட்சம், சிறிய மின்சாரக் கார் என்றால் 9.60 லட்சம். கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் போவதையும் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு 60 பைசாதான் ஆகும், கூடுதல் விலை இரண்டே ஆண்டில் திரும்பிவிடும், கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவும் உண்டு என்று ஷோரூமில் சொல்கிறார்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்காக வைத்திருக்கும் 3 லட்ச ரூபாய் வைப்புத்தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதிக்கு ஏழு ஆண்டுக் கடன் வாங்கலாமா? வரும் ஆசிரியர் கலந்தாய்வில் மனைவிக்கு மேலூருக்கு மாறுதல் கிடைக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு விவரங்களைக் கேட்டு எழுதினேன். பழைய காரின் ஓடோமீட்டர் இப்போது காட்டும் எண் ஒன்று. மின்வாரிய அட்டையில் கடந்த ஓராண்டில் பதிவான யூனிட்டுகள் மற்றொன்று. நீங்கள் அனுப்பிய படங்களின்படி, கார் 112 மாதங்களில் 78,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதாவது மாதத்துக்கு 700. நீங்கள் எழுதிய 1,500-இல் இது பாதியைக்கூட எட்டவில்லை. இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுவதாக நானும் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வகுத்துப் பார்த்தபோது 640 என்று வந்தது. கோவில்பட்டியில் இருக்கும் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போய்வந்த 200 கிலோமீட்டர் நினைவில் நிற்கிறது. கார் போர்டிகோவில் சும்மா நின்ற பதினைந்து நாட்கள் நிற்பதில்லை.

மின்சாரக் கார் வாங்குவதென்பது, பல ஆண்டுகளுக்கான எரிபொருள் செலவின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிடுவது போன்றது. கார் நிறைய ஓடினால் அந்தப் பணம் திரும்பி வரும். ஓடாவிட்டால் காருக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். ஆகவே எந்தக் கார் நல்லது என்பதைவிட, உங்கள் வீட்டில் அது எவ்வளவு ஓடும் என்பதுதான் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

கூடுதல் முதலீட்டை முதலில் பார்ப்போம். இரண்டு கொட்டேஷன்களுக்கும் இடையே 2.20 லட்சம் வித்தியாசம். போர்டிகோவில் தனி வயரிங், எர்த்திங், 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் எல்லாம் சேர்த்து எலெக்ட்ரீஷியன் கேட்டிருக்கும் 18,000 ரூபாயையும் கூட்டினால் 2.38 லட்சம். இதை 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 5,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 3 லட்சம் போயிருக்கும். ஏழு ஆண்டுக் கடன் என்றால் தவணை 3,890 ஆகக் குறைவது கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் வட்டி 62,000-இலிருந்து 89,000 ரூபாய்க்கு ஏறிவிடும். ஷோரூம்காரர் ஏழு ஆண்டைப் பரிந்துரைப்பது தவணை சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி அந்த 60 பைசாவுக்கு வருவோம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் 4.80 ரூபாய் என்ற படியை எடுத்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். சிறிய மின்சாரக் கார் நகருக்குள் ஏ.சி. போட்டு ஓடும்போது 8 கிலோமீட்டர் என்பது நியாயமான கணக்குதான், தவறு 4.80-இல் இருக்கிறது. காருக்கு ஏற்றும் மின்சாரம் உங்கள் வீட்டுப் பயன்பாட்டின் மேல் ஏறி உட்காருகிறது. ஆகவே மலிவான கீழ்ப் படிகளில் அதற்கு இடமில்லை.

இரண்டு மாதத்துக்கு உங்கள் வீட்டில் சராசரியாக 380 யூனிட் ஆகிறது. முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம், மீதி 180 யூனிட் 4.80 வீதம் என்று 1,099 ரூபாய் கட்டுகிறீர்கள். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் காருக்கு 175 யூனிட் தேவை; மொத்தம் 555 ஆகிவிடும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான 2.35 ரூபாய்ச் சலுகை கிடையாது. அந்த நூறு யூனிட்டும் 4.80-க்குப் போய்விடும். சரியாக 500 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 1,840 ரூபாய் பில் வரும். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் சலுகை இழப்பு 245 ரூபாயும் அந்த யூனிட்டின் கட்டணம் 8.55 ரூபாயும் சேர்ந்து ஏறும். அதாவது 501-ஆவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 254 ரூபாய் கொடுக்கிறீர்கள். மின்சாரக் கார் விளம்பரம் எதிலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

555 யூனிட்டுக்கு உங்கள் பில் 2,555 ரூபாய். காரால் கூடிய தொகை 1,456 ரூபாய், யூனிட்டுக்கு 8.32, கிலோமீட்டருக்கு 1.04 ரூபாய். 60 பைசா இல்லை என்றாலும், லிட்டர் 101 ரூபாய் பெட்ரோலில் நகருக்குள் 16 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு ஆகும் 6.31 ரூபாயோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. ஓட்டும் செலவு குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் 700 கிலோமீட்டருக்கு மாதம் மிச்சமாவது 3,690 ரூபாய். அதற்காக நீங்கள் கட்டும் கூடுதல் தவணை 5,000. ஐந்து ஆண்டுகள் மாதந்தோறும் 1,300 ரூபாய் கைவிட்டுப் போகும். போட்ட 3 லட்சம் திரும்பி வர 81 மாதங்கள், அதாவது ஆறே முக்கால் ஆண்டு ஆகும். சிறிய மின்சாரக் கார்களின் பேட்டரிக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதம் 8 ஆண்டுகள். போட்ட பணம் திரும்பும்போது உத்தரவாதமும் ஏறக்குறைய முடிந்திருக்கும். அந்த வயதில் காரை விற்கப் போனால், புதிய பேட்டரியின் விலையை மனத்தில் வைத்துத்தான் எதிரில் இருப்பவர் பேரம் பேசுவார். மறுவிற்பனையில் பெட்ரோல் காரைவிட உங்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

பராமரிப்பில் மிச்சம் உண்டு. ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்திலும் மின்சார வாகனத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் காரின் மதிப்பு கூடுதலாக இருப்பதால் சொந்தச் சேதக் காப்பீடு ஏறும். எடை காரணமாக டயர் சற்று விரைவில் தேயும். இவை ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

வரிக் கழிவு பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது பழைய செய்தி. 80இஇபி பிரிவின் கீழ் 1.5 லட்சம் வரையிலான வட்டிக் கழிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தும். இன்று வாங்கும் கடனுக்கு அது கிடைக்காது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் மானியம் கிடையாது. ஜி.எஸ்.டி. மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். ஆனால் சிறிய பெட்ரோல் காருக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் முன்பிருந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. உங்கள் மின்சாரக் கார் கொட்டேஷனில் சாலை வரி பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள். 5 முதல் 10 லட்ச ரூபாய்ப் பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம் என்பதால் இது பெரிய தொகை. விலக்கு நடப்பில் இருக்கிறதா என்பதை முன்பதிவுப் பணம் கட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி, கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட மேலூர் மாறுதல். என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியின் மையமே அதுதான். கே.கே. நகரிலிருந்து மேலூருக்குப் போய்வர 55 கிலோமீட்டர் என்று கொண்டால், 22 வேலை நாட்களுக்கு 1,210 கிலோமீட்டர். இப்போதைய ஓட்டத்தில் ஒரு பகுதி இதற்குள் அடங்கிவிடும் என்று கழித்தாலும் மாதம் 1,700 கிலோமீட்டர் வரும். வீட்டு மின்பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 805 யூனிட்டாகவும் பில் 4,923 ரூபாயாகவும் உயரும்; பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனாலும் கிலோமீட்டருக்கு ஆவது 1.13 ரூபாய்க்குள்தான். மாத மிச்சம் 8,800 ரூபாய். தவணை 5,000 போக 3,800 கையில் நிற்கும். 3 லட்சமும் 34 மாதங்களில் திரும்பிவிடும். அதே கார், அதே விலை, அதே கடன்தான்; கலந்தாய்வில் கிடைக்கும் ஊர் மட்டும் மாறினால் என் விடையும் தலைகீழாகிவிடுகிறது. அதனால் ஆணை கைக்கு வரும்வரை எந்தக் காருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். மனைவி மேலூருக்குக் காரில்தான் போவாரா, பேருந்திலா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். நாலு வழிச் சாலையில் தினமும் ஓட்ட அவருக்கு விருப்பமில்லை என்றால் மேற்சொன்ன கணக்கு செல்லாது.

மாறுதல் வந்து மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவானால், அதோடு சேர்த்துக் கூரைச் சூரிய மின்சாரத்தையும் யோசியுங்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய மானியம் தருகிறார்கள். மதுரை வெயிலில் 2 கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சராசரியாக 8 யூனிட் தரும் என்று கொண்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். கார் இல்லாத வீட்டில் இது உங்களுடைய 1,099 ரூபாய் பில்லை மட்டுமே இல்லாமல் ஆக்கும். கார் உள்ள வீட்டில் 805 யூனிட் 325-ஆகக் குறைந்து, பில் 4,923-இலிருந்து 835 ரூபாய்க்கு இறங்கும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டில் கழித்துக் காட்டும் நெட் மீட்டருக்கு வாரியம் வாங்கும் கட்டணங்கள் இருந்தால் அவை இந்தக் கணக்கில் சேரவில்லை என்றாலும், ஒரே பேனல் கார் உள்ள வீட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு சம்பாதிக்கிறது. மொட்டை மாடியில் வாட்டர் டேங்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கொட்டேஷன் வாங்குங்கள்.

விலையைக் குறைக்க பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் வழியும் இருக்கிறது. எம்.ஜி. காமெட் 2024-இல் அப்படி அறிமுகமானபோது காரின் விலை 4.99 லட்சத்திலிருந்தும், பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு 2.50 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயைத் தாண்டும். ஓடாவிட்டாலும் மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் உள்ளதா என்று படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தவிர, நால்வரும் இரண்டு பெட்டிகளோடு கோவில்பட்டிக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு அந்தக் காரில் பெட்டி வைக்க இடம் போதாது.

மகளின் 3 லட்சத்தைத் தொட வேண்டாம். இரண்டே ஆண்டில் கல்லூரிக் கட்டணமாகத் தேவைப்படும் பணம் அது. வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கார்க் கடனின் வட்டி கூடுதல்தான் என்றாலும், அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்தப் போய், அட்மிஷன் நேரத்தில் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய காரை விற்று வரும் பணம் முன்பணமாக இருக்கட்டும். போதவில்லை என்றால், மெக்கானிக் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பழைய காரையே இன்னும் ஓராண்டு ஓட்டிக்கொண்டு, கட்டப்போகும் தவணையை இப்போதே தொடர் வைப்பில் போட்டுவாருங்கள். தவணையின் பாரம் குடும்பத்துக்குத் தாங்குமா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மாறுதல் கிடைக்காமல் ஓட்டம் 700-லேயே நின்றால், புதிய கார் அவசியம்தான் என்ற பட்சத்தில் பெட்ரோல் கார் வாங்குங்கள். கிடைத்தால், மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு முறை கோவில்பட்டிக்குப் போய் அம்மா வீட்டு வயரிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். நடைமுறையில் 180 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்குப் போகும் 100 கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. திரும்பி வர, இரவில் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். நெடுஞ்சாலை விரைவுச் சார்ஜர்களில் யூனிட் பல இடங்களில் 20 ரூபாயைத் தாண்டுகிறது. பழைய வீடுகளில் 15 ஆம்பியர் பிளக் பெரும்பாலும் குளியலறை கீசருக்கு மட்டும்தான் இருக்கும். அங்கிருந்து கார் நிற்கும் இடத்துக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பது ஆபத்து. வாசல் பக்கம் தனியாக ஒரு பாயின்ட் போட உள்ளூர் எலெக்ட்ரீஷியன் எவ்வளவு கேட்கிறாரோ, அதையும் மேலே சொன்ன 18,000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.