பட்டாளத்தார் கோட்டின் இரண்டு பைகள்

அன்புள்ள ஐயா,

நான் வெலிமடையில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். சென்ற தை மாதம் என் அம்மாயி காலமானார். அவருடைய பெட்டியைப் பிரித்தபோது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தாத்தாவின் பட்டாள விடுவிப்புப் பத்திரமும் ஒரு பதக்கமும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அவர் லொறி ஓட்டினார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய போர்க்கால வாழ்க்கையை எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கையில் இருப்பதோ ஒரே ஒரு தாள். ஊரில் யாரைக் கேட்டாலும், "நல்ல மனிதர், எல்லோரோடும் நன்றாகப் பழகுவார்" என்கிறார்கள். அவ்வளவுதான். மற்றபடி அவர் கிழங்கும் லீக்ஸும் பயிரிட்ட ஒரு சாதாரண விவசாயி. இதை வைத்து என்ன எழுத முடியும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் தாத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். தமிழர்கள் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள், சிங்களவர்கள் ஹமுதா மாமா என்பார்கள். விடிகாலைப் பனியில் கெப்பெட்டிபொலச் சந்தைக்கு மூட்டை ஏற்றும் இடத்தில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய பட்டாளக் கோட்டோடு நிற்பார். அந்தக் கோட்டின் இடப் பையில் கோணியூசியும் சணல் நூலும் இருக்கும். யாருடைய மூட்டை வாய் பிளந்தாலும் கேட்காமலே தைத்துக் கொடுப்பார். வலப் பையில் மற்றவர்களின் கடிதங்கள் இருக்கும். என் தகப்பனாருக்குத் தமிழகத்திலிருந்து வந்த கடிதங்களை எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் உட்கார்ந்து அவர்தான் வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் போகிற நான் பக்கத்தில் இருந்தும், நல்லது கெட்டது தெரிந்து குரலை ஏற்றி இறக்கி வாசிக்க அவரால்தான் முடியும் என்று தகப்பனார் காத்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது "அவ்வளவுதான்" என்ற சொல். பழகுவது அவருடைய பிறவிக் குணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாளில் இடம் கிடைக்காத ஒரு மனிதர் ஊரில் தமக்கு இடம் தேடிக்கொண்ட விதமும் அதுதான்.

போரைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கின. அன்றைக்கு அவர் திருகோணமலையில் இருந்தார். குண்டு விழுந்ததை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஊரை விட்டு நடந்து போனவர்களில் யார் யாரைத் தம் லொறியில் ஏற்றினார், யார் கையில் கோழி இருந்தது, எந்தக் கிழவி இறங்க மறுத்தாள் என்பதையெல்லாம் அரை மணி நேரம் சொல்வார்.

நீங்கள் கண்டெடுத்த அந்தத் தாளுக்கு இன்னொரு கதை உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வந்த சட்டம் விண்ணப்பிக்க வழி விட்டது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இந்த நாட்டில் வசித்ததாகக் காட்ட வேண்டும். உங்கள் தாத்தா பட்டாளப் பத்திரத்தைக் காட்டினார். அரசருக்காக வேலை செய்த ஆண்டுகள் அதில் இருந்தன. அதற்கு முந்திய ஆண்டுகள் இல்லை. தோட்டத்துப் பேரேட்டில் தம் பெயரைத் தேடிப் போனார், பழைய கங்காணியின் வாக்குமூலத்துக்காக நடந்தார், பள்ளிக்கூட வாத்தியாரைக் கண்டுபிடித்தார். கடைசியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "அந்த ஒரு வருஷ அலைச்சலில்தான் இந்த ஜில்லாவில் எனக்கு இத்தனை பேர் பழக்கமானார்கள்" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பிறகு அவர் விவசாயி ஆனார். சொந்தக் காணியில் அல்ல. 1963இல் குடியுரிமை இல்லாதவர் பெயருக்குக் காணி கைமாறினால் அதன் பெறுமதிக்குச் சமமான நூறு வீத வரி என்று சட்டம் வந்தது. உங்கள் தாத்தா உழுத வயல் ஒரு சிங்களக் குடும்பத்துடையது. குத்தகை வாய்ப்பேச்சில் நடந்தது. ஒரு கையெழுத்தும் இல்லை. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டதும் வெலிமடை வயல்களுக்கு விலை ஏறியது. சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாகக் கிழங்கு போட்டவர்கள் வீடு கட்டினார்கள். அந்த வயலைக் கூடுதல் குத்தகைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அது உங்கள் தாத்தாவிடமே இருந்தது. ஏன் என்று யோசியுங்கள். பௌர்ணமிப் போயா தினம் தவறாமல் அவர் அந்த வீட்டு வாசலில் இரண்டு கட்டு லீக்ஸோடு நிற்பார். அவர்கள் வீட்டு மரணத்துக்குப் பந்தல் கட்டியவர் அவர். மூன்று நாள் மூடுபனி நின்றால் பக்கத்து வயல்களுக்கெல்லாம் போய், கிழங்குச் செடி இலையைப் புரட்டிக் கருகல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி புறப்படும் நாளில் அவர் அங்கே இருப்பார். வழிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து, முகவரி எழுதிய அட்டையைக் குழந்தைகளின் சட்டையில் தைத்துவிடுவார், அதே கோணியூசியால். போனவர்கள் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதிய கடிதங்கள்தான் வலப் பையை நிரப்பின.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி ஊரார் முதலில் சொல்வார்கள். பதுளையில் எரிந்த நெருப்பு வெலிமடைப் பக்கம் வந்தபோது, வயலுக்குச் சொந்தக்காரர் உங்கள் குடும்பத்தைக் கிழங்குக் களஞ்சியத்தில் மறைத்துவைத்தார். அது உண்மை, எழுதுங்கள். ஆனால் அந்த ஓர் இரவை மட்டும் தனியே எழுதிவிடாதீர்கள். அதற்கு முன்னால் இருபது வருடப் போயா தினங்கள் இருக்கின்றன.

1996இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டுக் கிழங்கு விலை விழுந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது. கடன் வாங்கியிருந்தவர்களின் வீடுகளுக்கு மாலையில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

என்ன எழுத முடியும் என்று கேட்டீர்கள். பதக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். சந்தையில் மூட்டை ஏற்றியவர்கள், லொறிக்காரரின் பிள்ளைகள், கூடலூரில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என்று ஆட்களின் பட்டியல் ஒன்று போடுங்கள். ஒவ்வொருவரிடமும், "தாத்தா உங்களுக்கு என்ன செய்தார்?" என்று கேட்பதைவிட, "கடைசியாக உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தார்? எங்கே உட்கார்ந்தார்?" என்று கேளுங்கள். கோட்டு யாரிடம் இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

முதலில் அந்த வயல்வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்காரரின் மனைவி கண் மங்கிப்போய் இருக்கிறார், ஞாபகம் தெளிவாக இருக்கிறது. கொழும்பிலிருந்து பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சந்தையில் இறங்கி இரண்டு கட்டு லீக்ஸ் வாங்குங்கள். வாசலில் நின்று ஹமுதா மாமாவின் பேத்தி என்று சொல்லுங்கள்.