கொடுத்தவர் கேட்ட கணக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் அறக்கட்டளைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் நன்கொடை அளித்துவந்த பெரியவர் காலமானபோது நீங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பை வாசித்தேன். நானும் நண்பர்கள் நால்வரும் உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்துவதற்காகச் சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தோம். எங்களுக்குக் கொடுப்பவர்கள் ஒருமுறை கொடுக்கிறார்கள், மறுமுறை வருவதில்லை. அவரை இத்தனை காலம் எப்படித் தக்கவைத்தீர்கள்? அவரிடம் கற்றது என்ன? இனி அவருடைய குடும்பத்தாரிடம் உதவி கேட்பீர்களா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவரை நாங்கள் தக்கவைக்கவில்லை. நான்காவது ஆண்டிலேயே அவர் எங்களை விட்டு விலகியிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும்; விலகாமல் இருந்தது அவருடைய குணம்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். பெருஞ்செல்வர் அல்லர்; வாடகைக்கு விட்டிருந்த சிறிய வீட்டின் வருமானத்தில் பாதியை எங்களுக்குத் தந்துவந்தார். அந்த நான்காவது ஆண்டில், மேலூர்ப் பக்கம் நாங்கள் நடத்திய வகுப்பு ஒன்று மூன்று மாதங்கள் மூடிக்கிடந்தது. ஆண்டறிக்கையில் அதை நான் எழுதவில்லை. ‘ஐந்து மையங்கள்’ என்ற பழைய எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டேன். அவர் ஒரு மாலை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போய், பூட்டிய கதவையும் திண்ணையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து வருகைப் பதிவேட்டைக் கேட்டார். நான் தடுமாறினேன். “தம்பி, சரக்கு தேங்குனா மொதலாளிகிட்ட மொதல்ல சொல்ல வேண்டியவன் கணக்கப்பிள்ளைதான். மறைச்சா நட்டம் ரெண்டாயிரும்” என்றார்.

அதோடு அவர் எழுந்து போயிருக்கலாம். போகாமல், வகுப்பு ஏன் நின்றது என்று கேட்டார். ஆசிரியைக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்க முடியாமல் போனதால் அவர் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார் என்றும், அதே மாதங்களில் எங்கள் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது என்றும், ஆனால் அது கட்டடத்துக்கு வண்ணம் பூசிப் பெயர்ப்பலகை வைப்பதற்கென்றே வேறொருவர் கொடுத்தது என்பதால் அதைத் தொட முடியவில்லை என்றும் சொன்னேன். அந்த மாதத்திலிருந்து அவர் கொடுத்த பணத்துக்கு ஒரே குறிப்புதான்: சம்பளம், வாடகை, தணிக்கைக் கட்டணம். யாரும் பெயர் பொறிக்க விரும்பாத செலவுகள் இவை. அவர் கொடுத்த தொகையைவிட இந்தத் தேர்வையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

எனவே நண்பரே, உங்களுக்குக் கொடுத்தவர்களுக்கு அடுத்த கடிதம் எழுதும்போது, எது நடக்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அந்த மேலூர் விஷயத்துக்குப் பிறகு நான் எழுதிய எட்டு ஆண்டறிக்கைகளும் அப்படித்தான் தொடங்கின. அவற்றைப் படித்து விலகியவர்கள் இருவர். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ரசீது விஷயத்திலும் அவர் கண்டிப்பானவர். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடையாளர்களுக்குத் தந்த வரிச்சலுகை கிடைக்காது என்பது தெரிந்ததால் காசோலையாகவே தருவார், அன்றே ரசீது கேட்பார். நன்கொடைகளின் பட்டியலை அறக்கட்டளைகள் மே 31-க்குள் வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்யவேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டின் நன்கொடைகளிலிருந்து நடைமுறைக்கு வந்தபோது, அதை எங்கள் தணிக்கையாளருக்கு முன்பே எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

அரவிந்த் கண் மருத்துவமனையை அடிக்கடி சுட்டுவார். மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கியது அவருக்குப் பிடித்த செய்தி. ஆனால் அவர் கணக்கெழுதியவர் அல்லவா, அங்கே கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் பணத்தில் இலவச சிகிச்சையும் நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவார். தன் ஒருவர் பணத்தை நம்பி மையங்களைப் பெருக்கக்கூடாது என்று அவர் வற்புறுத்தியதால்தான், பெற்றோர்களிடம் மாதம் இருபது ரூபாய் வாங்கத் தொடங்கினோம். எனக்கு அதில் தயக்கம் இருந்தது. பணம் கட்டத் தொடங்கிய பிறகுதான் தாய்மார்கள் ஆசிரியை வராத நாளில் எங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள்.

குடும்பத்தாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அன்று எதையும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் கடைசியாகக் கொடுத்த தொகையில் செலவானது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி அவருடைய மகளிடம் கொடுத்தேன். மீதத்தை எந்த ஆசிரியையின் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம் என்பதையும் அதில் குறித்திருந்தேன். உதவி கேட்கவில்லை. அவர் தாளை இருமுறை படித்துவிட்டு, அந்த மேலூர் வகுப்பு இப்போது நடக்கிறதா என்று கேட்டார். நடக்கிறது என்றேன், ஆனால் சனிக்கிழமைகளில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஆவணி மாதம் உசிலம்பட்டிப் பக்கம் வருகிறேன். உங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து வையுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்.